லியோனில் ஐந்து நாள் கடைச் சாப்பாடு

லியோன் நகரத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் பசி எடுத்தால் அது பசித்தவனின் குற்றம். இரண்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மறுபடி மூட்டுவது ஏழு மணிக்கு மேல்தான். நடுவில் கடை திறந்தே இருக்கும், மேசை நாற்காலி எல்லாம் இருக்கும், ஒரு குவளை பீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிற ஆட்களும் இருப்பார்கள். சாப்பாடு மட்டும் கிடையாது. நான் மலேசியாவில், பாசிர் கூடாங்கில் முப்பத்திரண்டு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவன். தொழிற்சாலை பஸ் எந்த நேரத்தில் கொண்டுவந்து இறக்கினாலும் எதிர்ப்பக்கத்துத் தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் யாராவது ஒருவர் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார். பசிக்கு நேரம் குறித்த ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

என்னை அழைத்துப்போக வந்திருந்தவள் என் மகள் சுகன்யா. நாலு கடை ஏறி இறங்கினோம். நாலிலும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் ஒரு பேக்கரியில் நீள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்து வாங்கித் தந்தாள். ஆற்றங்கரைப் பெஞ்சில் காற்றில் நடுங்கிக்கொண்டே கடித்தேன். ஈறு கிழிந்தது.

"ஹோட்டல் பக்கத்துலதான்பா. ரூம் போட்டுட்டேன். காலைல சாப்பாடு அங்கயே குடுப்பாங்க" என்றாள்.

அவள் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். ஆயிரம் ஜன்னல் இருந்தது. அதில் எது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சாப்பாட்டை ருசி பார்க்க நான் போகவில்லை. என் மகள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஐந்து நாளில் ஒரு வேளை. ஒரு காப்பியாக இருந்தாலும் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் சுகன்யா தன்னோடு படித்த பிரகாஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பாலோ என்ற தோட்டத்து ஊரில் பிறந்த பையன். அவன் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி அவனைப் படிக்க வைத்தவர். அடுத்த வாரமே அந்த அம்மா எங்களை விருந்துக்கு அழைத்தார். என் மனைவி செல்வியும் சுகன்யாவும் உள்ளே போனார்கள். நான் வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். உள்ளே இலை போட்டாயிற்று. கம்பத்து நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் ரோடு வரைக்கும் வந்தது. "உள்ள வாங்கண்ணே" என்று அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரணம் ஜாதி. மலேசியாவில் அதெல்லாம் ஏது என்று கோயில் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவனும் நான்தான்.

வழியனுப்ப வந்த சுகன்யாவிடம் கார்க் கண்ணாடியை இறக்கி, "இனிமே நீ எங்க குடும்பம் நடத்தினாலும் உன் வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்றேன். எங்கள் ஆட்களுக்குச் சண்டை போடத் தெரியாது. சாப்பிட மாட்டேன் என்று சொல்லத் தெரியும். சம்பந்தி வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் உறவே இல்லை என்று அர்த்தம். யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை.

புதன்கிழமை சுகன்யாவுக்கு வேலை. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு நானே ஒரு சின்னக் கடையாகப் பார்த்து நுழைந்தேன். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசைத் துணி, சுவர் முழுக்கப் பித்தளைப் பாத்திரம், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி ஆட்கள். பத்து நிமிடம் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரிமாறுகிறவர் வந்து என் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லுவது போல, "போன்ஜூர்" என்றார். நான் போன்ஜூர் சொல்லும் வரைக்கும் அவர் அசையவில்லை. சொன்னபின் முகம் மலர்ந்தது. வணக்கம் சொல்லாமல் இங்கே ஒரு வாய் சோறு வாங்க முடியாது.

பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி அதையே கேட்டேன். ரொட்டித் தூளில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்த ஒரு தகடு, அதன் பக்கத்தில் முட்டையும் கீரையும் அரைத்த குழைவு. மீன் என்றுதான் நினைத்தேன். நன்றாகவே இருந்தது. முக்கால்வாசி தீர்ந்த பிறகு இது என்ன மீன் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பரிமாறுகிறவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "மீன் இல்லை, மாட்டு வயிறு" என்றார். இந்த ஊரின் பெருமை அதுதான் என்று பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அறுபத்திரண்டு வயது வரைக்கும் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. கேண்டீனில் மாட்டு ரெண்டாங் கறியில் வைத்திருந்த கரண்டியைக் குழம்பில் போட்டதற்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் நான். முள்கரண்டியை வைத்துவிட்டு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். குமட்டவில்லை, வியர்க்கவில்லை. வெளியே டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளித்து, விளக்கேற்றி, வீட்டுக் கோழியை அடித்து அந்த அம்மா வைத்த குழம்பை எதற்காகக் காரில் உட்கார்ந்து முகர்ந்துவிட்டு வந்தேன் என்று யோசித்தேன். அந்த அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. சாவுக்கும் செல்வியைத்தான் அனுப்பினேன். எனக்கு நைட் ஷிப்ட் என்று சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் செல்வி போனில், "அவ வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் போன வருடமே தனியாக வந்து மூன்று வாரம் மகள் வீட்டில் தங்கி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள்.

"இன்னும் இல்ல. நாளைக்குக் கூப்பிடுவா" என்றேன்.

"கூப்பிடுவா, கூப்பிடுவா" என்றாள். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

அன்று இரவு சுகன்யா என்னை ஒரு மீன்கடைக்கு அழைத்துப் போனாள். மீனை அரைத்து, மாவில் பிசைந்து, கொழுக்கட்டை மாதிரிப் பிடித்து, சிவந்த குழம்பில் மிதக்க விட்டிருந்தார்கள். உறைப்பு என்று பேருக்குக்கூட இல்லை. மிச்சமிருந்ததைத் தப்பாவ் செய்து தரச் சொன்னேன். எங்கள் ஜொகூர் மாநிலத்தில் மீந்ததைக் கட்டித் தராத கடை உண்டா? சுகன்யா சொன்னதைக் கேட்டுப் பரிமாறுகிற பெண் சமையலறைக்குப் போய் ஆலோசனை நடத்திவிட்டு வந்தாள். ஜாம் போத்தல் ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். "யாருக்குப்பா இது?" என்று சுகன்யா கேட்டாள். உன் வீட்டுக்கு எடுத்துப் போனால் சூடு பண்ணி இரண்டு பேரும் சாப்பிடலாமே என்று சொல்ல வாய் வரவில்லை. ஹோட்டல் அறையில் அது இரண்டு நாள் இருந்து புளித்தது.

வியாழக்கிழமை குன்றின் மேல் இருக்கும் பெரிய மாதா கோயில் வாசலில் ஏழு மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. கம்பியில் இழுத்துக்கொண்டு போகும் குட்டி ரயிலில் ஏறச் சொன்னாள். ஒரே நிலையத்திலிருந்து இரண்டு ரயில் இரண்டு பக்கம் ஏறுகிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். நான் இன்னொன்றில் ஏறி யாருமில்லாத ஒரு தெருவில் போய் இறங்கினேன். கைபேசியில் சிக்னல் கோடே இல்லை. மழை வேறு தூற ஆரம்பித்தது. "அலமாக், எங்கடா வந்து நிக்கிறேன்" என்று வாய்விட்டே புலம்பினேன்.

"அண்ணை, தமிழோ?" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். இலங்கைக்காரர், அந்தக் கடையின் சமையல்காரர். சுகன்யாவின் நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து கூப்பிட்டு இடம் சொன்னார். "பிள்ளை வருவா. அதுவரைக்கும் குளிருக்குள்ள நிக்காதேங்கோ" என்று சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் வெங்காய சூப்பும் ரொட்டியும் கையில் கொடுத்தார். அந்த ஊரில் முதல்முறையாக எனக்கு உடம்பு சூடானது.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். சொன்னார். "அங்க எந்தத் தெரு, சொந்தக்காரங்க எல்லாம் என்ன தொழில்?" என்றேன். அந்த ஊரை எனக்குத் தெரியாது, தெருவைத் தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"சூப் ஆறப்போகுது அண்ணை, குடியுங்கோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நிமிர்ந்தால் பின்வாசலில் சுகன்யா நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவரிடம் நன்றி சொல்லி, ஸ்டூலில் சாத்தியிருந்த என் குடையை எடுத்து விரித்து என் கையில் கொடுத்தாள். குன்றிலிருந்து கீழே இறங்கும் வரைக்கும் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். ஆற்றைப் பார்த்தபடி இருந்த கடை. அவளே எனக்குக் கோழி சொன்னாள். இந்த ஊரில் மேசையில் ரொட்டிக்கூடை வந்துவிட்டால் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராது. அந்த அரை மணி நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"எப்பம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?"

"நீங்கதான் வர மாட்டேன்னு சொன்னீங்களேப்பா."

"இப்ப வரேன்னு சொல்றேன்ல."

"இப்ப நான் கூப்பிடல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நேத்து அந்தக் கடையில சூப் குடிச்சீங்க. முந்தாநாள் எங்கயோ போய் என்னமோ சாப்ட்டீங்க. சமைச்சவங்க யாரு எவருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"கடை வேற, வீடு வேறம்மா" என்றேன். அறுபத்திரண்டு வயது ஆள் சொல்லுகிற பேச்சா அது? ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"அதத்தான் நானும் சொல்றேன். கடை வேற. அதான் உங்கள கடைக்குக் கூட்டிட்டு வரேன்."

கோழி வந்தது. பாலேடு ஊற்றிய குழம்பில் காளான் மிதந்தது. இருவரும் தொடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு செய்துவிட்டேன், நாளைக்குப் பிரகாஷ் வரும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். பிரகாஷுக்கு மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் வேலை. சனிக்கிழமைதான் வருவான்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கப்பா. அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அன்னைக்கு நீங்க கார்ல போய் உக்காந்தீங்கல்ல. அத்தை கேட்டாங்க, ஏம்மா அப்பா வரலன்னு. அப்பாவுக்கு மோசமான கேஸ்ட்ரிக், வெளிய எதுவும் ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன். அவரும் அதையேதான் நம்பிட்டாரு. பாவம் லா அவங்க. காரம் போட்டுட்டமே, முன்னயே சொல்லியிருந்தா கஞ்சி வச்சிருப்பேனேன்னு அழுதாங்க. அப்புறம் வருஷா வருஷம் மணத்தக்காளி வத்தல் போட்டு அம்மாகிட்ட குடுத்து அனுப்புனாங்க, உங்க வயித்துக்கு."

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் மணத்தக்காளி வற்றல் குழம்பு வாராவாரம் இருந்தது. கடையில் வாங்கியது என்று செல்வி சொல்லியிருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

"ஆஸ்பத்திரியில கடைசியா இருக்கறப்பகூட அப்பாவுக்கு வயிறு எப்படிம்மான்னுதான் கேட்டாங்க" என்றாள் சுகன்யா. "அவங்க போட்டோ எங்க ஹால்ல, சாப்பிடற மேசைக்கு நேரா இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க உக்காந்து சாப்பிடறத என்னால பாக்க முடியாதுப்பா. நீங்க மாறியிருக்கலாம். நான் அன்னைக்குச் சொன்ன பொய்ய இன்னும் தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் அழுதேன். பக்கத்து மேசையில் இருந்த கிழவர் தன் காகிதத் துடைப்பானை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி தன் வைனுக்குத் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று எட்டு வருடமாக நினைத்திருந்தேன். கேட்கக்கூட வழியில்லாமல் எல்லாவற்றையும் நானே அடைத்துவைத்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. கேட்டால் என் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். என்னை நல்லவன் என்று நம்பிப் போய்ச் சேர்ந்த அந்த அம்மாவுக்காக அவர் மகன் மனம் உடைந்துபோவான்.

சனிக்கிழமை நான் கிளம்பும் நாள். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரகாஷ் ரயிலிலிருந்து நேராக வந்தான். காதோரம் நரைத்திருந்தது. குனிந்து என் காலைத் தொட வந்தவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "நல்லாருக்கீங்களா மாமா? அத்தைக்கு முட்டி வலி பரவால்லயா?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். பிறகு மெனுவை வாங்கிப் பார்த்து, பரிமாறுகிறவரைப் பக்கத்தில் அழைத்து நிறைய நேரம் பிரெஞ்சில் பேசினான். அவர் இரண்டு தடவை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பிரெஞ்சுக்காரனைச் சமையலை மாற்றச் சொல்வது லேசான காரியம் இல்லை என்று இந்த ஐந்து நாளில் எனக்கே தெரிந்திருந்தது.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"மிளகு வேணாம், பாலேடு வேணாம், காய அவிச்சு மட்டும் குடுங்கன்னு சொன்னேன் மாமா. உங்க வயித்துக்கு இந்த ஊர்ச் சாப்பாடு ஆகாது. அம்மா இருந்திருந்தா கஞ்சியே காச்சிக் குடுத்திருப்பாங்க."

அவித்த கேரட்டும் உருளைக்கிழங்கும் ஒரு பெரிய வெள்ளைத் தட்டில் வந்தது. உப்பு இல்லை. ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதையே பிரகாஷ் பார்த்துக்கொண்டிருந்தான். தன் தட்டை அவன் மறந்தே போனான்.

"எங்க வீட்டுக்கு வராமலே போறீங்களே மாமா, அதான் கஷ்டமா இருக்கு" என்றான். "ஆறாவது மாடி, லிப்ட் இல்ல, உங்களால ஏற முடியாதுன்னு சுகன்யா சொன்னா. கீழ் வீடா ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். அடுத்த தடவ நம்ம வீட்லயே தங்கிச் சாப்பிடணும். நானே சமைக்கிறேன், காரமே போடாம."

நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாங்க. அப்பாவுக்கு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காது. கடைச் சாப்பாடுதான் ஒத்துக்கும்" என்றாள்.

பிரகாஷ் புரியாமல் என் பக்கம் திரும்பினான்.

"அப்படியா மாமா?"

"ஆமாப்பா" என்றேன்.